முதல் பக்கத்து அம்மாள்

பேட்டி எடுக்கப் புறப்படுகிற இளம் நண்பர்களே, உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. சட்டைப்பையில் டேப் ரெக்கார்டர். எதிரில் இருப்பவர் தும்மினால் தும்மல்கூடப் பதிவாகிவிடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் இருந்தது ஒரு பென்சிலும் ஒரு நோட்டும் கொஞ்சம் திமிரும்தான். பென்சிலும் நோட்டும் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

போன மாதம் ஓசூர் அலுவலகத்தில் உங்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார், "சார், நீங்க எடுத்ததுலயே நல்ல பேட்டி எது?" நான் டீ ஆறிவிட்டது என்று பேச்சை மாற்றிவிட்டேன். மழுப்பியதற்குக் காரணம் இருக்கிறது. நான் எடுத்ததிலேயே நல்ல பேட்டியும் மோசமான பேட்டியும் ஒன்றேதான். ஒரே இதழில் வந்தது. மோசமானது முதல் பக்கத்தில், நல்லது உள்ளே. வீட்டுக்கு வந்து யோசித்தேன். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் வந்தது தப்பு என்று பட்டது. எழுதிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கிருஷ்ணகிரியில் ஒரு வாரப் பத்திரிகை. எட்டுப் பக்கம். ஆசிரியர் ஒருவர், அவரே உரிமையாளர். நிருபர், உதவியாசிரியர், தபால் பிரிப்பவர் எல்லாம் நான். அச்சுக்கூடம் முழுவதும் முனுசாமி அண்ணன் ராஜ்யம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்த்துப் பக்கம் கட்டுகிற மனிதர். காதில் பீடி, கண்ணில் கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு.

எங்கள் அச்சுக்கூடத்தில் எட்டுப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் கோர்க்குமளவு எழுத்து கிடையாது. அதனால் முதல் பக்கம், கடைசிப் பக்கம் எல்லாம் அடங்கிய முதல் பாரத்தை, அதாவது ஒன்றாகக் கட்டி ஒரே தடவையில் அடிக்கிற பக்கங்களை, திங்கட்கிழமை அச்சடித்துவிடுவோம். பிறகு அந்த எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போட்டால்தான் உள்பக்கங்களைக் கோர்க்க முடியும். அவை வியாழக்கிழமை அச்சாகும். அன்று சாயங்கால பஸ்ஸில் கட்டுகள் போகும். இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், என் கதையில் வில்லன் இந்தப் பாரம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை, நானும்தான்.

அந்த நாளில் உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு நாவலாசிரியை இருந்தார். மதராஸ் பத்திரிகைகளில் அவருடைய தொடர்கதை வந்தால், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு கடையில் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே ஆட்கள் கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். வக்கீல் வீட்டிலும் படிப்பார்கள், வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் படிக்க, சுற்றி உட்கார்ந்து நாலு பேர் கேட்பார்கள். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கதைக்காரம்மா என்றால் போதும், பஸ் கண்டக்டரே இடம் பார்த்து இறக்கிவிடுவார்.

கதைக்காரம்மா பத்து வருடமாக யாருக்கும் பேட்டி கொடுத்ததில்லை. மதராஸ்காரர்கள் கேட்டும் கொடுக்கவில்லை. நான் ஆறு கார்டு போட்டேன். ஏழாவதற்குப் பதில் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஒரே நிபந்தனை. நான் சொல்லாத ஒரு வார்த்தை என் பெயரில் அச்சாகக் கூடாது." அந்தக் கார்டை நான் ஆசிரியர் மேஜைமேல் வைத்தபோது அவர் எழுந்து நின்று வாங்கிப் படித்தார். அந்த வார இதழிலேயே கொட்டை எழுத்தில் விளம்பரம் போட்டோம். பத்தாண்டு மௌனம் அடுத்த இதழில் கலைகிறது என்று.

அப்போது மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கிற பேச்சு எங்கும் அனல் பறந்துகொண்டிருந்தது. ஓசூர் யாருக்கு என்பதுதான் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் காலையும் மாலையும் விவாதம். மைசூர்க்காரர்கள் எங்களுக்கு என்றார்கள், ஆந்திராக்காரர்கள் எங்களுக்கு என்றார்கள், நாங்கள் எங்களை விட்டால் யாருக்கு என்றோம். மூன்று மொழியும் பேசுகிற ஊரில், தமிழில் எழுதிப் புகழ் பெற்ற ஒரு அம்மாள் என்ன சொல்லப்போகிறார்? முதல் கேள்வியே அதுதான் என்று ஆசிரியர் சொல்லிவிட்டு, தங்கை மகளுக்குப் பிரசவம் என்று சேலம் போய்விட்டார். "முதல் பக்கம் உன் பொறுப்பு" என்பது அவருடைய கடைசி வார்த்தை.

சனிக்கிழமை இன்னொரு கார்டு வந்தது. "களத்தில் கேழ்வரகு கிடக்கிறது. வானம் மூடிக்கொண்டிருக்கிறது. ஞாயிறு வேண்டாம், புதன் வாருங்கள்."

புதன் என்றால் பேட்டி உள்பக்கத்தில்தான் போகும். முதல் பக்கம் திங்கட்கிழமை அச்சாக வேண்டும். விளம்பரம் வேறு போட்டாயிற்று. இப்போது நினைத்தால் வழி எத்தனையோ இருந்தது. முதல் பக்கத்தில் வேறு செய்தி போட்டு, உள்ளே பேட்டி என்று ஒரு வரி போட்டிருக்கலாம். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. ஆனால் அதைவிட அழகாக இன்னொன்று தோன்றியது.

அவர் எழுதிய எல்லாவற்றையும் நான் படித்திருந்தேன். சிலவற்றை மூன்று தடவை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? உட்கார்ந்து எழுதினேன். முன்னுரை ஒரு பத்தி, முதல் கேள்வி, அதற்கு அவருடைய பதில். "என் நாடி நரம்பெல்லாம் தமிழ் முழங்குகிறது. ஓசூரின் ஒரு பிடி மண்ணையும் எவருக்கும் விட்டுத்தர மாட்டேன். என் பேனா வாளாக மாறும்" என்று தொடங்கி இருபது வரி. கடைசியில் "உள்ளே தொடர்கிறது." எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

முனுசாமி அண்ணன் தாளை வாங்கி ஒருமுறை படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏங் கண்ணு, நீ இன்னும் அந்தம்மாவப் பாக்கவே இல்லியே?"

"புதன்கெழம பாப்பனே. அவங்க எழுதுனது அத்தனையும் படிச்சிருக்கறன் அண்ணே. இதத்தான் சொல்லுவாங்க."

"ஒருவேள சொல்லலன்னா?"

"சொல்ல வெச்சிடுவன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. "சரி, நீயாச்சு அந்தம்மாவாச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுத்தைப் பொறுக்க ஆரம்பித்தார். திங்கட்கிழமை சாயங்காலம் ஆயிரம் தாளும் அச்சாகி அடுக்கப்பட்டிருந்தன. எழுத்தும் பிரிக்கப்பட்டது.

புதன்கிழமை காலை ராயக்கோட்டை வழியாகப் போகிற பஸ்ஸில் உத்தனப்பள்ளி போய் இறங்கினேன். மார்கழிக் குளிர். கழுத்தில் மப்ளர், பையில் நோட்டு, நோட்டுக்குள் மடித்த முதல் பக்கம். முதல் பக்கத்தைக் காட்டினால் அம்மாள் மகிழ்ந்துபோவார் என்று அதுவரைகூட நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டு முன்னால் களம். கேழ்வரகு தட்டி முடித்து மூட்டை கட்டியாயிற்று. வெயில் விழுகிற பக்கமாகச் சாக்கு விரித்து, ஒரு பெரிய அலுமினியத் தவலையை நடுவில் வைத்து இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தவர்தான் கதைக்காரம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். இன்னொருவர் லச்சம்மா, வயலில் கூட வேலை செய்கிறவர். வேலியோரம் நின்ற மாட்டு வியாபாரியை அம்மா "நாளெ பன்னி, நாளெ" என்று கன்னடத்தில் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார். லச்சம்மாவிடம் தெலுங்கில் என்னவோ சொல்லிச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பத்திரிக்கத் தம்பிங்களா? வாங்க. அந்த தொட்டில கை கழுவிக்கினு வந்து உக்காருங்க."

சாப்பாட்டுக்கு என்று நினைத்துக் கை கழுவிக்கொண்டு வந்தேன். தவலையில் ஊற வைத்த பச்சை மொச்சை. எங்கள் பக்கத்தில் மார்கழி பிறந்தால் இதுதான் வேலை. ஒவ்வொரு மொச்சையாக எடுத்து இரண்டு விரலில் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு பிதுங்கி வெளியே வரும். பிதுக்குப் பருப்புக் குழம்பும் களியும் சாப்பிட்டவர்களுக்கு நான் மேலே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தவலை பிதுக்க ஒரு குடும்பமே உட்கார வேண்டும்.

"அம்மா, நான் எழுதிக்கணும்ங்களே" என்றேன்.

"கையில வேலை இல்லாம எதிர்ல உக்காந்து என் மொகத்தையே பாத்துக்கினு இருந்தா எனக்குப் பேச்சு வராதுங்க தம்பி. பிதுக்கிக்கினே கேளுங்க. மறந்து போறது மறந்து போவட்டும். நெனப்புல நிக்கறத எழுதுங்க."

நோட்டைப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஈரக்கையோடு எடுத்த பேட்டி என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்று கேட்டதில் ஒரு வரிகூட எனக்கு மறக்கவில்லை. எழுதிக்கொள்கிறபோது நாம் காதை நோட்டிடம் கொடுத்துவிடுகிறோம்.

அரசியல் கேள்வியை நான் முதலில் கேட்கவில்லை. ஏனோ தைரியம் வரவில்லை. கதை எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் எங்க எழுதறன்? ரெண்டு பேருக்கு சண்ட மூட்டி வுட்டுட்டு ஓரமா உக்காந்து கேட்டுக்கினு இருப்பன். அவங்க பேசறத எழுதிக்குவன். யாராச்சும் ஒருத்தர் பக்கம் நான் போயிட்டன்னா கத படுத்துக்கும். ரெண்டு பேருக்கும் ஞாயம் இருக்கணும். இல்லன்னா அது சண்ட இல்ல, அடி."

"கற்பனை வராமல் போவது உண்டுங்களா?"

"ஏன் இல்ல? வராத நாள்ல களையெடுக்கப் போயிருவன். லச்சம்மா வாயத் தொறந்தான்னா மூணு அத்தியாயம் வரும்." லச்சம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். "அதுல பாதி என்னுது பாபு, எம்பேரு எங்கியும் போடல" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெயில் இதமாக முதுகில் விழுந்துகொண்டிருந்தது. பைக்குள்ளிருந்த அந்த முதல் பக்கம் மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது.

பத்து வருடமாக ஏன் பேட்டி இல்லை என்று கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் என்னை முடித்துவிட்டது.

"ஒருத்தர் வந்து கேட்டாரு, பொம்பளைங்க நெலம எப்பிடி இருக்குதுன்னு. நான் சொன்னன், அடுக்களைல பொக தாங்கல, எல்லா வூட்டு அடுக்களைக்கும் சன்னல் வெக்கணும்னு. அந்த மனுசன் என்ன போட்டாரு தெரியுமா? 'பெண்ணுக்கு அடுக்களையே ஆலயம்' அப்பிடின்னு நான் சொன்னதா போட்டுட்டாரு. அதுக்கு நன்றி சொல்லி எத்தனை லெட்டருங்கறீங்க! எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எவனாச்சும் ஒருத்தன் மைக்கப் புடிச்சி, அம்மா சொன்ன மாதிரின்னு அதத்தான் சொல்றான். நாத்தனாரு இன்னி வரைக்கும் என்ன ஆலயம்னுதான் கூப்புடறா. சொன்னத மாத்திட்டாங்கன்னு எத்தன பேர்கிட்ட போயி சொல்றது? அதனாலதான் தம்பி அந்த நிபந்தன. உங்க ஏழு கார்டையும் படிச்சப்போ, இந்தப் புள்ள சன்னல சன்னல்னே எழுதும்னு தோணுச்சி."

நண்பர்களே, அந்த நிமிஷத்தில் எனக்குக் குளிரே தெரியவில்லை. மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்தேன். இருந்தாலும் கடைசியாக ஒரு நம்பிக்கை. ஒருவேளை நான் எழுதியதையே அவரும் சொல்லிவிட்டால்? குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு கேட்டேன்.

"ஓசூர் எந்த மாநிலத்துல இருக்கணும்ங்கம்மா?"

அவர் பத்துப் பதினைந்து மொச்சை பிதுக்கினார்.

"எனக்குத் தமிழ்தான் உசுரு. அத யாரும் கோடு போட்டு எடுத்துக்கவும் முடியாது, கோடு போட்டுக் குடுக்கவும் முடியாது. கோட்ட எங்கியாச்சும் போடட்டும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ஒரு கொழந்த எந்த பாசையில அழுவுதோ அந்த பாசையில அதுக்கு மொத வாத்தியாரு பேசணும். லச்சம்மா பொண்ணு பள்ளிக்கூடத்துல மூணு மாசம் வாயே தொறக்கல. ஊமன்னு எழுதி வெச்சிருந்தாங்க. வூட்ல அவ வாய மூட முடியாது. இதப் பத்தி எந்தக் கூட்டத்துலயாச்சும் எவனாச்சும் பேசுனானா? ஒரு பிடி மண்ணு, ஒரு பிடி மண்ணுங்கறாங்க. மண்ண நாங்க பாத்துக்கறம், கொழந்தைங்கள நீங்க பாருங்க. இத அப்பிடியே போடுங்க."

என் விரலிலிருந்த மொச்சை பிதுங்கிப் பறந்து போய் லச்சம்மாவின் நெற்றியில் பட்டு நின்றது. அவ்வளவு அழுத்தியிருக்கிறேன்.

லச்சம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏந்தம்பி மொகம் வெளுத்துப் போச்சி? நான் தப்பா எதனா சொல்லிட்டனா?"

எனக்கு இருந்த வழிகளைச் சொல்கிறேன். ஒன்றும் பேசாமல் பஸ் ஏறிவிடலாம். உள்பக்கத்தில் அவர் சொன்னதை மழுப்பி, முதல் பக்கத்தோடு ஒட்டவைத்துவிடலாம். இந்த ஊருக்கே இனி வராமல் இருக்கலாம். கிருஷ்ணகிரிக்கு ஓடிப்போய் ஆயிரம் தாளையும் கொளுத்தலாம் என்றால், மறுபடி அடிக்கக் காகிதமும் இல்லை, நாளும் இல்லை. நான் நல்லவன் என்பதால் உண்மையைச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். என்னால் அந்தக் கண்ணுக்கு எதிரே இன்னொரு மொச்சையைப் பிதுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கையைத் துடைத்துக்கொண்டு நோட்டிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன்.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்களப் பாக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டன். அச்சும் ஆயிடுச்சி."

அவர் படித்தார். இருபது வரியும் படித்தார். கன்னம் சிவந்தது. "நீயுமா?" என்று ஒரே வார்த்தை கேட்டார். அதுவரை நீங்க என்று பேசிக்கொண்டிருந்தவர். தாளோடு எழுந்து உள்ளே போய்விட்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நானும் எழுந்தேன். எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன். "கூச்சோ பாபு, உக்காரு" என்றார் லச்சம்மா. "பருப்பு மிச்சம் இருக்குதில்ல? பாதில வுட்டுட்டுப் போனா அம்மாவுக்கு இன்னும் கோவம் வரும்." உட்கார்ந்து பிதுக்கினேன். அழுகை வந்தது. மூக்கை மப்ளரில் துடைத்துக்கொண்டு பிதுக்கினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, தவலை பாதிக்கு வந்துவிட்டது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. மேடைப் பேச்சுக் குரல். "என் நாடி நரம்பெல்லாம் தமிழ் முழங்குகிறது!" அடுத்தாற்போல், "என் பேனா வாளாக மாறும்!" பிறகு ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்து அடங்காமல் வெடித்து வருகிற சிரிப்பு. கதவு திறந்தது. கண்ணில் நீர் வழிய, ஒரு கையில் காகிதமும் பேனாவுமாக வந்து நின்றார் கதைக்காரம்மா.

"எரநூறு பேர நான் கதைல செஞ்சிருக்கறன். என்ன ஒருத்தரும் இது வரைக்கும் செஞ்சதில்ல. யாருடா இந்தப் பொம்பள? நல்லா வாட்டசாட்டமா இருப்பா போலிருக்குதே. இவகிட்ட நான் பேசணும்."

"அம்மா?"

"உள்பக்கம் இன்னும் அச்சாவலைல்ல? மொதப் பக்கத்துல அவ பேசட்டும். உள்ள நான் அவகூட சண்ட போடறன். ஆனா ஒண்ணு. அவள செஞ்சது யாருன்னு உன் பேரு போட்டு, உன் கையால எழுதணும். மேலயே போடணும், மூலைல பொடி எழுத்துல இல்ல. சரின்னா சொல்லு."

என் பெயர் அதுவரை பத்திரிகையில் வந்ததே கிடையாது. எங்கள் நிருபர் என்றுதான் வரும். "சரிங்கம்மா" என்றேன். வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னேன். எனக்கு அப்போது தேவையாக இருந்தது அந்தச் சிரிப்பு மறுபடியும் நின்றுவிடாமல் இருப்பதுதான்.

அவர் எழுதினார். நானும் லச்சம்மாவும் பிதுக்கினோம். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் உரக்கப் படித்துக் காட்டினார். அச்சில் வந்ததில் கொஞ்சம் ஞாபகத்திலிருந்து தருகிறேன்.

உள்பக்கத்து அம்மாள்: ஒரு பிடி மண்ணையும் விட்டுத்தர மாட்டேன் என்கிறீர்களே, உங்களுக்கு நிலம் எத்தனை ஏக்கர்?

முதல் பக்கத்து அம்மாள்: நான் உணர்ச்சியோடு சொன்னேன்.

உள்பக்கத்து அம்மாள்: உணர்ச்சியைத் தூவினால் கேழ்வரகு முளைக்குமா? அது போகட்டும். நாடி நரம்பெல்லாம் முழங்குகிறதே, உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?

இப்படியே கிண்டலாகப் போய்க்கொண்டிருந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் பேனா நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, வேகமாக எழுதிப் படித்தார்.

முதல் பக்கத்து அம்மாள்: கேலி செய்வது சுலபம். நீங்கள் பத்து வருடமாக வாயைத் திறக்காமல் மொச்சை பிதுக்கிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் பேசாததால்தான் உங்கள் பெயரில் நான் பேசவேண்டியதாயிற்று.

உள்பக்கத்து அம்மாள்: அது உண்மை. அதனால்தான் இன்று பேசுகிறேன்.

அதற்குக் கீழே அந்தக் குழந்தையின் கதையும், முதல் வாத்தியார் பேச்சும். முதல் பக்கத்து அம்மாள் மடக்கிய அந்த இரண்டு வரியைப் படித்தபோது அவர் குரல் கொஞ்சம் மாறியது. "அவளுக்கும் ஒரு ஞாயம் இருக்குதில்ல தம்பி" என்றார். என்னை மறுபடி தம்பி என்று கூப்பிட்டதில் எனக்கு உயிர் வந்தது. களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் போட்டு அனுப்பினார்.

வியாழக்கிழமை காலை முனுசாமி அண்ணனிடம் தாள்களைக் கொடுத்தேன். மேலே நான் எழுதியது நாலு வரி. "முதல் பக்கத்தில் உள்ள பதிலை அம்மையார் சொல்லவில்லை. அவரைச் சந்திக்கும் முன்பே நானாக எழுதினேன். பிழை என்னுடையது." கீழே என் பெயர். அண்ணன் படித்தார். பெட்டியைத் திறந்து, கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் எடுக்கிற நல்ல எழுத்துகளை எடுத்தார்.

மத்தியானம் ஆசிரியர் சேலத்திலிருந்து வந்து இறங்கினார். புரூஃபைப் படித்துவிட்டு ஆடிப்போய்விட்டார். "உனக்கென்ன பைத்தியமா? பத்திரிக மானம் போயிடும். இந்த நாலு வரியையும் சண்டையையும் எடு. மொதப் பக்கத்துல இருக்கறதோட ஒட்டற மாதிரி நாலு கேள்வி போடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்தம்மாவுக்குத் தெரியும்ங்க."

"ஒரு ஆளுக்குத்தானே?"

"சொல்லாததச் சொன்னதா போட்டிருக்கறது அந்த ஒரு ஆளு பேருலதாங்க. எடுக்கறதுன்னா எடுங்க. என்னையும் சேத்து எடுத்துடுங்க."

ஆசிரியர் என்னை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணன் நிதானமாகக் கையைத் துடைத்தார்.

"எடுத்துடலாம்ங்க. எடுக்க எவ்ளோ நேரம்? ஆனா பஸ்ஸுக்கு மூணு மணி நேரந்தான் இருக்குது. புதுசா கோக்க முடியாது. அந்த ரெண்டு பக்கத்துக்கும் கட்டி வெச்சிருக்கறது ஒண்ணே ஒண்ணுதாங்க. மூல வியாதி லேகிய வெளம்பரம். பெருசா போட்டா சரியா இருக்கும்."

ஆசிரியர் லேகிய விளம்பரத்தைப் பார்த்தார். புரூஃபைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்து முதலிலிருந்து படித்தார். தூக்கம் வருகிறதா என்ற இடத்தில் அவர் வயிறு குலுங்கியது. "அடிச்சுத் தொலைங்க" என்றார். நல்ல மனிதர். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

அந்த இதழைப்போல் எங்கள் இதழ் எதுவும் ஓடியதில்லை. ஓசூர், ராயக்கோட்டை, கல்லாவி வரை ஒரு பிரதி பத்துக் கை மாறியது. டீக்கடைகளில் இரண்டு பேர் எழுந்து நின்று ஒருவர் முதல் பக்கத்து அம்மாளாகவும் ஒருவர் உள்பக்கத்து அம்மாளாகவும் படித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். உத்தனப்பள்ளிப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வருடம் தெலுங்கு தெரிந்த ஒரு டீச்சர் வந்தார். பேட்டியால் வந்தாரா, தானாக வந்தாரா தெரியாது. பேட்டியால் என்று லச்சம்மா அடித்துச் சொல்வார். என் அம்மா அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். எழுத்துக் கூட்டி மகன் பெயரை மட்டும் படித்தவர், மேலே இருந்த பிழை என்னுடையது என்பதைப் படிக்கவே இல்லை. நானும் படித்துக் காட்டவில்லை.

ஒரு மாதம் கழித்து உத்தனப்பள்ளியிலிருந்து ஒரு கட்டு வந்தது. உள்ளே பதினொரு கடிதம். எல்லாம் முதல் பக்கத்து அம்மாளுக்கு! உள்பக்கம் பிரித்துப் பார்க்காதவர்கள் எழுதியவை. எங்கள் ஊர்க் கூட்டத்தில் வந்து முழங்க வேண்டும் என்று அழைப்பு, வாளாக மாறிய பேனாவுக்குப் பாராட்டு. மேலே கதைக்காரம்மாவின் சீட்டு: "உங்கள் வீட்டு அம்மாளுக்கு வந்த தபால். நீங்களே பதில் போடவும்." பதினொன்றுக்கும் உட்கார்ந்து, அந்த அம்மாளை நான்தான் உண்டாக்கினேன் என்று பதில் போட்டேன். கை வலித்தது. நண்பர்களே, இப்போது பாரம் கிடையாது, ஈய எழுத்து கிடையாது. ஆனால் நீங்களும் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே தலைப்பை எழுதிக்கொண்டு கிளம்புவதை நான் பார்க்கிறேன். எழுதுங்கள், அது ஆசை, தடுக்க முடியாது. அவர் வேறொன்று சொன்னால் கிழிக்கிற மாதிரி பென்சிலில் எழுதுங்கள்.

வேலை எனக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் இதிலேயே இருந்தேன். எத்தனையோ பேரைப் பேட்டி கண்டேன். மந்திரிகளுக்கு எதிரில் உட்கார்ந்தால்கூட என் விரல்கள் மொச்சை பிதுக்குகிற மாதிரி அசையும், அப்போதுதான் எனக்குக் காது கேட்கும்.

ஒவ்வொரு மார்கழிக்கும் ராயக்கோட்டை பஸ் கண்டக்டர் அச்சுக்கூடத்து வாசலில் ஒரு பை பச்சை மொச்சையை இறக்கிவிட்டுப் போவார். கதைக்காரம்மா இருந்த வரைக்கும் அது தவறவில்லை. பைக்குள் ஒரு கார்டு இருக்கும், வருடா வருடம் அதே இரண்டு வரி. "பேட்டிக்கு வாங்க தம்பி. கேள்வியை மட்டும் கொண்டு வாங்க, பதில் இங்க இருக்குது."